மடியில் கனம் எது என்று யார் சொல்வது? சோதனையும் சட்டமும் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, கடலூர் முதுநகர், 2 ஆகஸ்ட் 2025

விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வதையும் பையைக் கிளறுவதையும் உரிமை மீறல் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஒழுங்காக இருப்பவனுக்குச் சோதனையால் பத்து நிமிடம் போகும், வேறென்ன போய்விடும்? சட்டம் கடுமையாக இருந்தால்தான் தப்புச் செய்கிறவன் அஞ்சுவான். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

3 ஆகஸ்ட் 2025, காலை

காரணத்தோடு எழுதுகிறேன். நான் 31 ஆண்டுகள் கடலூரில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். சட்டம் படித்தவன் அல்லன். சட்டக் கட்டுகளைச் சுமந்தவன். அந்தப் பழமொழியை நீதிமன்ற வராந்தாவில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதில் ஒரு கேள்வி தொக்கி நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. மடியில் இருப்பது கனமா இல்லையா என்று யார் சொல்வது?

சென்ற தை மாதம் ஐதராபாத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனோம். அவருக்கு வயது 78. விமானம் ஏறியது அதுவே முதல் தடவை. எந்த விமான நிலையம் என்று சொல்லப்போவதில்லை; எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடியதுதான். தட்டில் வைத்து அனுப்பிய அவருடைய சுருக்குப்பை இயந்திரத்துக்குள் போய் நின்றுவிட்டது. காவலர் ஒருவர் அதை எடுத்து, சுருக்கை இழுத்து, ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்: வாடிய நாலு வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, பாடலீஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலம், எட்டாக மடித்த நூறு ரூபாய்த் தாள், கடைசியாக ஒரு பாக்குவெட்டி. பிடியில் கிளி மூக்கு வைத்த பழைய இரும்பு வேலை. மாமனார் காலத்தில் வாங்கியது. பெட்டிக்கத்தரி, நகவெட்டி, தீப்பெட்டி என்று நிறைந்திருந்த பிளாஸ்டிக் தொட்டியில் அது விழுந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. "வர்றப்போ வாங்கிக்கட்டுமா தம்பி?" என்று மாமியார் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

கூர்மையான பொருளைப் பயணிகள் அறைக்குள் விடாதது நியாயம்தான். அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. ஒருவருடைய பொருளை அரசின் பெயரால் எடுத்தவர்கள் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. எங்கள் நீதிமன்றச் சொத்து அறையில் ஒரு செருப்பு வந்தாலும் அதற்குப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு.

3 ஆகஸ்ட் 2025, இரவு

இன்னொரு நினைவும் வந்தது. கேள்வி கேட்டவர் தேதியைப் பார்த்தாரோ என்னவோ, ஆகஸ்ட் 2 என்பது மீனம்பாக்கம் நாள். 1984-ல் அதே தேதியில் சென்னை விமான நிலையத்தில் பெட்டி வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது நான் இளைஞன். ஆகவே சோதனையே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள்.

நம் விமான நிலையங்களில் இந்தக் கெடுபிடியெல்லாம் 1999 டிசம்பர் காந்தகார் கடத்தலுக்குப் பிறகு வந்ததுதான் என்பது என் எண்ணம். அதற்கு முன் விமானப் பயணம் ஏறக்குறைய ரயில் பயணம் போலத்தான் இருந்திருக்க வேண்டும்.

4 ஆகஸ்ட் 2025

நேற்று இரவு எழுதியதில் தவறு. நெய்வேலி நண்பர் ஒருவர் தொலைபேசியிலேயே பிடித்துவிட்டார். சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு 1978-லேயே தொடங்கப்பட்டது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் மேல் வெடித்து 329 பேர் இறந்ததை அடுத்து, 1987 ஏப்ரலில் அது தனித் துறையாகவே ஆக்கப்பட்டது. காந்தகாருக்குப் பிறகு மாறியது காவல் செய்யும் கை. அதுவரை மாநிலக் காவல்துறை பார்த்த வேலை 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி மத்திய தொழிற்பாதுகாப்புப் படையிடம் போனது. காந்தகாருக்குக் கடத்தப்பட்ட விமானம் காட்மாண்டுவில் கிளம்பியது. கடத்தியவர்கள் ஆயுதத்தோடு ஏறியதும் அங்கேதான். வேலி தாண்டியது ஓரிடம், வேலி உயர்ந்தது வேறிடம்.

கனிஷ்காவில் வெடித்தது, பயணி ஏறாமல் பெட்டி மட்டும் ஏறிய சரக்கு. ஆளில்லாத பெட்டி பறக்கக் கூடாது என்னும் விதிக்குப் பின்னால் 329 உயிர் இருக்கிறது. அப்படிக் காரணம் சொல்லும் விதி எத்தனை இருந்தாலும் கைகட்டி நின்று உட்படுவேன்.

6 ஆகஸ்ட் 2025

"எல்லா விதிக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கும், உமக்குத் தெரியாது" என்கிறார் முதுநகர்க்காரர். இருக்கலாம். ஆனால் காரணம் செத்த பிறகும் விதி எத்தனை காலம் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து வைத்து, அமெரிக்காவுக்குப் பறந்த விமானத்தை வெடிக்க வைக்க முயன்றான். 2006-லிருந்து அந்த நாட்டில் எல்லாப் பயணிகளும் செருப்பைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதை நிறுத்தியது சென்ற மாதம், 2025 ஜூலையில். இடையில் 2015-ல் அவர்களுடைய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மாறுவேடத்தில் ஆள் அனுப்பிப் பார்த்தபோது, 70 முயற்சிகளில் 67 தடவை போலி ஆயுதமும் போலி வெடிபொருளும் சோதனையைத் தாண்டிவிட்டன என்ற செய்தி வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் வெறுங்காலோடு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம் அது.

இதை எழுதிவிட்டு என்னையே மறித்துக் கேட்டுக்கொண்டேன். பிடிபடுவோமோ என்ற அச்சத்தில் வராமலே போனவனை எந்தக் கணக்கில் எழுதுவது? அதற்கு என்னிடம் விடை இல்லை. பூட்டு திருடனைத் தடுக்கிறதா என்று கேட்டால், நல்லவனை நல்லவனாகவே வைத்திருக்கிறது என்று எங்கள் வக்கீல் ஐயா சொல்வார்.

10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

பாக்குவெட்டி போனால் போகட்டும். தொட்டியில் விழுவது பொருளோடு நின்றால் அது சோதனை. ஆளும் சேர்ந்து உள்ளே போனால்தான் கதை வேறாகிறது. அடுத்த படிக்கு வருகிறேன்.

பயணப் பையின் அடியில் ஒரே ஒரு துப்பாக்கித் தோட்டா கிடந்ததென்று பிடிபட்டவர்களின் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் தகப்பனாரின் பையை மகன் எடுத்து வந்திருப்பான். அண்ணன் பையைத் தம்பி எடுத்து வந்திருப்பான். துப்பாக்கி இல்லை, நோக்கம் இல்லை, தெரியவும் தெரியாது. ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் உரிமமின்றி வெடிகுண்டுத் தோட்டா வைத்திருப்பதே குற்றம். அதற்கான பிரிவு குறைந்தபட்சச் சிறைத்தண்டனையையும் சொல்லிவிடுகிறது. முதல் தகவல் அறிக்கை போட்டாயிற்று, விமானம் போயிற்று, வேலைக்கான நேர்காணல் போயிற்று.

உச்ச நீதிமன்றம் இதற்கு என்றோ பதில் சொல்லிவிட்டது. 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-ல் சஞ்சய் தத் வழக்கில் அரசியலமைப்பு அமர்விலும், 'வைத்திருத்தல்' என்றால் தன்னிடம் அது இருப்பது தெரிந்தே வைத்திருத்தல் என்று தெளிவாக்கியது. அதன் அடிப்படையில்தான் உயர் நீதிமன்றங்கள் இந்த ஒற்றைத் தோட்டா வழக்குகளை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருக்கின்றன. நீதிபதி ரத்து செய்கிறார், உண்மை. ஆனால் அந்த உத்தரவு வரும் வரை வக்கீல் சம்பளம், வாய்தா, கடவுச்சீட்டுச் சரிபார்ப்பில் 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்னும் ஒரு வரி, பெண் கேட்டுப் போன இடத்தில் அந்த வரி. இதையெல்லாம் எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது.

முதுநகர்க்காரரே, அந்தப் பையன் மடியில் கனம் இருந்ததா இல்லையா?

10 ஆகஸ்ட் 2025, மாலை

ஒரு திருத்தம். மேலே 'வெடிகுண்டுத் தோட்டா' என்று எழுதிவிட்டேன். தோட்டா வேறு, வெடிகுண்டு வேறு. பழைய குமாஸ்தாவுக்கு இது அழகில்லை. குற்றப்பத்திரிகையில் இப்படி எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் தீபாவளி கொண்டாடியிருப்பார்.

'வெடிகுண்டு' என்ற சொல்லையே விமான நிலைய வரிசையில் விளையாட்டாகச் சொல்லிக் கைதானவர்களும் உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் அழைத்துப் போகிறேன். அதையும் குறை சொல்லவில்லை. 2024 அக்டோபரில் வந்த பொய் மிரட்டல்களால் எத்தனை விமானம் வழி மாறியது என்று பார்த்தோம்.

12 ஆகஸ்ட் 2025

ஆரோவில் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் எழுதியிருக்கிறார்: வெளிநாட்டு விருந்தினர்கள் மலையேற்றத்துக்கென்று செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டுவந்துவிடுகிறார்கள், அவர்கள் நாட்டில் கடையில் விற்கும் பொருள். இங்கே அனுமதியின்றி அதை வைத்திருக்கக் கூடாது. பலரைப் பிடித்த சட்டங்கள் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும். தந்திச் சேவையை 2013 ஜூலையில் மூடிவிட்டோம். தந்திச் சட்டம் அதற்குப் பிறகும் ஆள் பிடித்தது. கடல்வழியாக வந்த மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தக் கருவி மீது அரசுக்கு வந்த அச்சம் எனக்குப் புரிகிறது. இறங்கும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுத்தால் என்ன என்பதுதான் புரியவில்லை.

பிற நாடுகளும் சளைத்தவை அல்ல. நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடும் கசகசாவை ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ சிங்கப்பூருக்கோ எடுத்துப் போனால் போதைப்பொருள் வழக்கு. வளைகுடாவுக்குப் போகும் மகனுக்கு மசாலாப் பொட்டலம் கட்டும் தாய்மார்கள் இதை ஒரு தாளில் எழுதி அஞ்சறைப்பெட்டி மூடியில் ஒட்டி வையுங்கள்.

13 ஆகஸ்ட் 2025

சிரிக்க ஒன்று. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தில் 'வானூர்தி' என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் பலூன், கிளைடர் இவற்றோடு காற்றாடியும் இருந்தது. 2025 ஜனவரி முதல் நாள் புதிய சட்டம் வரும் வரை 90 ஆண்டுகள், புதுச்சேரிக் கடற்கரையில் பட்டம் விட்ட ஒவ்வொரு சிறுவனும் சட்டப்படி ஒரு விமானி.

17 ஆகஸ்ட் 2025

காற்றாடி நகைச்சுவையை எடுத்துக்கொண்டு, "பயன்படுத்தாத சட்டத்தால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்டிருக்கிறார்கள். பயன்படுத்தாத சட்டம் என்று ஒன்று கிடையாது. வேண்டாதவன் வரும் வரை உறையில் இருக்கும், அவ்வளவுதான்.

பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பில் குழி வெட்டும்போது ஒரு பழைய செம்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 1878-ல் 10 ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம்! இன்று முதுநகரில் ஒரு தேநீர் குடித்தால் சரியாகப் போகும். அந்தத் தொகையை மாற்றவில்லை, ஆகவே மண்வெட்டி பிடித்தவன் எல்லாம் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டான்.

அரிக்கமேட்டில் மழைக்குப் பிறகு மண்ணில் மினுக்கும் கண்ணாடி மணிகளை நம் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். மார்ட்டிமர் வீலர் 1945-ல் அங்கே அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகுக்குக் காட்டிய இடம். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்கென்று அந்த மணி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போகும் பாட்டி, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருள் கடத்துகிறவர். அந்த மணிகள் வெளியே போகக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. வாங்கி அருங்காட்சியகத்தில் வைக்கட்டும். சிலைக் கடத்தல்காரனுக்கும் பாட்டிக்கும் ஒரே பிரிவு, ஒரே சிறை என்று எழுதி வைத்துவிட்டு, வேறுபாட்டை மேசைக்கு அப்பால் நிற்பவரின் நல்ல மனசுக்கு விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

23 ஆகஸ்ட் 2025

விமானம் ஏறாதவர்களுக்கும் நம் பக்கத்தில் ஒரு விமான நிலையம் உண்டு. அது முள்ளோடை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் பேருந்தில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டினால் கன்னியக்கோயில், முள்ளோடை. அங்கே மதுக்கடைகள் வரிசை கட்டி நிற்கும். அரசு உரிமம், அரசுக்கு வரி, எல்லாம் முறைப்படி. நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. அதே புட்டி அந்த நாலு எட்டுக்குள் கள்ளச்சரக்காகிவிடுகிறது. பிடிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். இந்தப் பக்கம் 2003-லிருந்து அரசே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது, ஆனாலும் சட்டத்தின் பெயர் இன்னும் மதுவிலக்குதான்.

பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வந்த ஒரு கொத்தனாரை எல்லையோரச் சாவடி ஒன்றில் இறக்கியதை நேரில் பார்த்தேன். கரணையும் தூக்குக்குண்டும் போட்டிருந்த சாக்குப்பைக்குள் ஒரு குவார்ட்டர் புட்டி இருந்தது. அன்றைய கூலி அவர் சட்டைப்பையில் இருந்தது. எங்கள் இருவர் பைகளில் அவருடைய பையைத்தான் திறந்தார்கள். என் பை தோலில் செய்தது. மேலே வழக்குக் கட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் நீதிமன்றத்தில் இவர்கள் வரிசையாக நிற்பார்கள். 'கணக்குக் கேஸ்', அதாவது எண்ணிக்கை காட்டப் போடும் வழக்கு என்று நாங்கள் சொல்வது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் மதியத்துக்குள் வேலைக்குப் போகலாம், மறுத்தால் ஆறு வாய்தா. ஆகவே எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆண்டறிக்கையில் அது நூற்றுக்கு நூறு தண்டனை விகிதமாக மின்னும்.

கடுமையான சட்டத்தால் பயம் வரும் என்றீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அந்த 1937 சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. இறப்புகளை அடுத்துத் தண்டனையை ஆயுள் வரைக்கும் உயர்த்தித் திருத்தினார்கள். சாராயம் காய்ச்சுகிறவன் சட்டப் புத்தகத்தில் ஆண்டுக்கணக்கைப் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டுவதில்லை. பிடிபடுவோமா என்றுதான் பார்க்கிறான். சாவடியில் கொத்தனார் பையைத் துழாவும் நேரத்தில் அவனுக்கு அந்தக் கவலை குறைவு.

31 ஆகஸ்ட் 2025

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேலையில் அதிக ஆண்டுகள் கையாண்ட சட்டம் இது.

குண்டர் சட்டம் என்று எல்லாரும் சொல்வதன் முழுப்பெயரை உங்களில் எத்தனை பேர் படித்திருப்பீர்கள்? கள்ளச்சாராயக்காரர்கள், இணையவழிக் குற்றவாளிகள், மருந்துச்சரக்குக் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் குற்றவாளிகள், மணல் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர்கள், காணொளித் திருடர்கள் ஆகியோரின் அபாயகரமான நடவடிக்கைகளைத் தடுக்கும் தமிழ்நாடு சட்டம், 1982. தட்டச்சு செய்யும்போது இரண்டு வரி முழுதாகப் போகும். 1982-ல் பெயர் இவ்வளவு நீளமில்லை; ஒவ்வோர் ஆட்சியிலும் ஒரு பெட்டி சேர்த்து இந்த ரயில் நீண்டது. புதுத் திரைப்படம் மறுநாளே குறுந்தட்டில் வந்த காலத்தில், 2004-ல், காணொளித் திருடர்கள் ஏறினார்கள். குறுந்தட்டு ஒழிந்துவிட்டது, பெட்டி கழலவில்லை.

இதன் கீழ் ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அவர் செய்ததற்காக அடைப்பதாகச் சொல்ல மாட்டார்கள், செய்யக்கூடும் என்பதற்காக. உத்தரவு போடுவது நீதிபதி அல்லர், மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர். அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்பதால் வாதாட அதிகம் இல்லை.

பிறகு எப்படி இத்தனை உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் விழுகின்றன? அடைக்கப்பட்டவருக்கு, அடைத்ததற்கான ஆவணங்களின் நகல் கட்டு ஒன்று கொடுக்க வேண்டும். அவர் அதைப் படித்துப் பதில் மனு கொடுப்பதற்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. நகல் மங்கியிருந்தால், மொழிபெயர்ப்பு விட்டுப்போயிருந்தால், மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானால் உத்தரவு நிற்காது. அடைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்குக் கட்டு வந்ததும் வக்கீல் ஐயா முகவுரையைக்கூடப் பார்க்க மாட்டார், என்னிடம் தள்ளிவிடுவார். நான் சன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடிப்பேன். நகல் எடுக்கும் இயந்திரத்தில் மை தீர்ந்து, பாதிப் பக்கம் சாம்பல் நிறத்தில் விழுந்த ஒரு தாளுக்காகத் தேடுவேன். கிடைத்துவிட்டால் பச்சை மையால் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, "ஐயா, பக்கம் 87" என்பேன். அவர் சிரிப்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளின் தாய்க்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்காது.

அவன் குற்றவாளியா இல்லையா என்று அந்தக் கட்டில் எங்கும் யாரும் பார்க்கவில்லை. உண்மையிலேயே ஊரை நடுங்க வைத்தவனும் பக்கம் 87-ஆல் வெளியே வந்தான். அடிதடியில் வேடிக்கை பார்க்க நின்றவன், நகல் தெளிவாக விழுந்த ஒரே காரணத்துக்காக உள்ளேயே இருந்தான். வெளியே வந்தவர்களும் அதற்குள் ஐந்தாறு மாதம் கழித்திருந்தார்கள். சோதனைத் தட்டிலிருந்து எடுத்ததற்குச் சீட்டு இல்லை என்று முதல் குறிப்பில் சலித்துக்கொண்டேனே, அதையும் இதையும் ஒரே மூச்சில் சொல்வது பொருந்துமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொருந்தும் என்றே படுகிறது. இரண்டிலும் எடுப்பவர் முதலில் எடுத்துவிடுகிறார். காரணம் பிறகு, கேட்டால் வருகிறது.

1 செப்டம்பர் 2025

"குண்டர்களுக்கு வக்காலத்தா?" என்று மூன்று பேர். ஆம், 31 ஆண்டுகள் வக்காலத்து நாமாவை நான்தான் நிரப்பினேன். அதில் நீதிமன்ற வில்லை ஒட்டியதும் நான்தான்.

ஒழுங்கானவர்களுக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கை இருப்பவர்களுக்குப் புதுச்சேரிக் கதையே போதும். 2012 அக்டோபர் 30 அன்று, டுவிட்டரில் 16 பேர் மட்டுமே பின்தொடர்ந்த ஒரு சிறுதொழில் முதலாளியைக் காவல்துறை வீட்டிலிருந்து அழைத்துப் போனது. அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ஒரு வரி எழுதியதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஏ பிரிவில் கைது. 16 பேர் படித்திருக்க வேண்டியதை நாடே படித்தது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது. ஆனாலும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் செத்த பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. 2021-ல் அதைக் கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது.

11 செப்டம்பர் 2025

இன்று பாரதி நினைவு நாள். எல்லாரும் கவிதை போடுவார்கள். நான் சாவடியைப் பற்றித்தான் எழுதுவேன்.

1908-லிருந்து பத்தாண்டுகள் அவர் பிரெஞ்சுக்காரர் ஊரான புதுச்சேரியில் இருந்தார். 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வர முடியாமல் தடுத்தார்கள். பத்திரிகை 1910-ல் நின்றது. அங்கே இருந்த வரை ஒற்றர்கள் தெருமுனையில் நின்றார்களே தவிரக் கை வைக்க முடியவில்லை. 1918 நவம்பர் 20 அன்று எல்லையைத் தாண்டி நம் கடலூர் பக்கம் வந்ததும் கைது. டிசம்பர் 14 வரை கடலூர் சிறை. அதே மனிதர், அதே கவிதைகள். மாறியது கால் வைத்த மண் மட்டுமே. அந்தச் சாலையில்தான் இன்று நாம் புட்டியை ஒளித்துக்கொண்டு வருகிறோம். (ஒப்பிட்டதற்குத் திட்டுவீர்கள், தெரியும்.)

14 செப்டம்பர் 2025

சோதனை எல்லாருக்கும் சமம் என்கிறவருக்கு: சமம் அல்ல. விமான நிலையத்தில் உடற்சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. குடியரசுத் தலைவர், பிரதமர், முன்னாள் குடியரசுத் தலைவர்கள் என்று நீளும். அந்த விலக்கு இருந்தும் 2009 ஏப்ரலில் தில்லியில் ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அப்துல் கலாமைச் சோதித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட்டார், நாடாளுமன்றம்தான் கொதித்தது. கொதித்த உறுப்பினர்களில் எத்தனை பேர் நடனக் கலைஞர் சுதா சந்திரனுக்காகக் கொதித்தார்கள்? ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று அவர் 2021 அக்டோபரில் காணொளியில் வெளியிட்ட பிறகு பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. ஜெய்ப்பூர்க் காலோடு ஏறும் பெயர் தெரியாதவர்களிடம் யாரும் வருத்தம் தெரிவித்திருக்க மாட்டார்கள்.

வளைந்துகொடுக்க முடியாத விதியா என்றால், அதுவும் இல்லை. சபரிமலைப் பக்தர்களின் இருமுடியில் இருக்கும் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக 2024 அக்டோபரில் அனுமதி கொடுத்தார்கள், 2025 ஜனவரி 20 வரை. சோதனைக்குப் பிறகே விடுவோம் என்றார்கள், விட்டார்கள். ஒரு விமானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

21 செப்டம்பர் 2025

அரசுக்கே இது தெரியாமல் இல்லை. 2023-ல் ஜன் விசுவாஸ் சட்டம் கொண்டுவந்து 42 மத்திய சட்டங்களில் 183 பிரிவுகளின் தண்டனையைக் குறைத்தோ நீக்கியோ விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, தொழில் நடத்துவோர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளில் சிறைத்தண்டனை சொல்பவை மட்டும் 26,134 என்று எண்ணியிருந்தது. 183-ஐ அதில் கழித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு எண்ணிக்கை முறை, கழிக்கக் கூடாது என்று மகன் சொல்கிறான். சரி, கழிக்கவில்லை, பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

28 செப்டம்பர் 2025

இழையின் முதல் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. என் மனைவி இதையெல்லாம் இன்றுதான் படித்தாள். அன்று அந்தக் காவலர், "பதிவு செய்யும் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், திரும்பிப் போய் கவுண்டரில் கொடுங்கள்" என்று சொன்னாராம். வரிசை நீளம், நேரம் இல்லை, "விட்டுத் தள்ளுங்கள்" என்று சொன்னது நானாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஆனால் அவள் இப்படிப்பட்டவற்றில் தவறுவதில்லை. ஆகவே பாக்குவெட்டியைப் பறித்தவர்களில் நானும் ஒருவன் என்று எழுதிவிடுகிறேன். சீட்டு தரவில்லை என்ற குறை மட்டும் நிற்கட்டும்.

முதுநகர்க்காரர் நேற்றுக் கடைசியாகக் கேட்டிருந்தார்: சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் நீர் என்ன செய்வீர்? திறப்பேன். திறந்துவிட்டு, எடுப்பதைப் பட்டியல் எழுதுங்கள், படம் பிடியுங்கள் என்பேன். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. இதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு வரக் காரணம் தோல் பையும் வெள்ளைத் தலையும்தான். அந்தக் கொத்தனார் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

5 அக்டோபர் 2025

திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில் ஒரு பாத்திரக்கடையில் பாக்குவெட்டி கிடைத்தது. கிளி மூக்கு இல்லை, வெறும் வளைவுதான். மாமியார் இரண்டு பாக்கை வெட்டிப் பார்த்துவிட்டு, "பதம் போதாது, பழகணும்" என்றார். அடுத்த மாதம் மறுபடியும் ஐதராபாத் போகிறோம், இந்தத் தடவை புதுச்சேரியிலிருந்தே. அதைப் பழைய துண்டில் சுற்றி, பெரிய பெட்டியின் அடியில் வைத்தாயிற்று. சுருக்குப்பையில் வெற்றிலையும் சுண்ணாம்பும் மட்டும். விமானத்தில் போட்டுக்கொள்ள ஐந்தாறு பாக்கை முன்னாலேயே வெட்டித் தாளில் மடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.